லாபிச் சுவரில் ஒரு கடல்

நவம்பர் 3

வருகிற பொங்கலோடு எங்கள் அடுக்ககத்துக்குப் பத்து வயது ஆகிறது. அதைக் கொண்டாட லாபிச் சுவர் முழுக்க உலக வரைபடம் வரையப்போகிறார்கள். சங்கச் செயலாளர் தனபாலன் சாரின் யோசனை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவருக்கு இன்னமும் வெறும் சுவரைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை.

"போரூர்ல உக்காந்துகிட்டே உலகத்தைப் பார்க்கலாம் சார். நம்ம பில்டிங்ல எத்தனை நாட்டு ஜனம் இருக்கு!" என்றார்.

எத்தனை என்ன, நம்மை விட்டால் இரண்டு. ஜப்பானியர் ஏழெட்டுக் குடும்பம், கொரியர் அதைவிடக் கொஞ்சம் கூட. எல்லாரும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்காரர்கள். ஊர்ப் பெயர், கடல் பெயர் எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானம். நான் பள்ளியில் படித்தபோது வாங்கிய தமிழ் அட்லஸ் இன்னும் இருக்கிறது. அதை பெயிண்டர் தாஸிடம் கொடுத்தேன்.

ஜப்பானியர்களிடம் விஷயத்தைச் சொல்ல என்னை அனுப்பினார்கள். ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் பல வருஷமாக மொழிபெயர்ப்பாளன் நான். கொரியர்களிடம் சொல்ல வேதாவை அனுப்பினார்கள். வேதா என் மனைவி. கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர், போன வருஷத்தில் இருந்து. நான் போனேன், சொன்னேன், வந்துவிட்டேன். அவளைச் சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்களாம். லிஃப்ட்டில் இருந்து சிரித்துக்கொண்டே இறங்கினாள். வீட்டில் கடைசியாக அவள் அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அலமாரிக் கைப்பிடி கழன்றுவிட்டது. ஸ்க்ரூ வாங்க வேண்டும்.

நவம்பர் 9

ஃப்ரிட்ஜில் என் எலுமிச்சை ஊறுகாய் இருந்த இடத்தில் ஒரு கிம்ச்சி டப்பா, கொரியர்களின் காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய். ஊறுகாய் காய்கறிக் கூடைக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கேட்டால், "பார்க் சார் வீட்ல போட்டது. வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்கிறாள்.

பார்க் சார் அவளுடைய மேலாளர். இந்த வீட்டில் அவர் பெயர் என் பெயரைவிட அதிகமாகப் புழங்குகிறது. வேதாவின் கொரிய உச்சரிப்பைக் கேட்டு, தென்கொரியாவில் உல்சான் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பெண் மாதிரி இருக்கிறது என்று பார்க் சார் சொன்னாராம். என்னையும்தான் ஜப்பானியர்கள் 'உங்கள் ஜப்பானிய மொழி அபாரம்' என்று பாராட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் 'நன்றி' என்று ஒரு வார்த்தை சொன்னவனையும் அப்படித்தான் பாராட்டுவார்கள்.

எனக்குப் பொறாமை இல்லை. அவளுக்கு மொழி மேல் ஆசை வரக் காரணமே நான்தான். கல்யாணமான புதிதில் தேர்வுக்காக ஜப்பானியச் சொற்களை அட்டையில் எழுதி வைத்திருப்பேன். வேதா ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் அட்டையுமாக நின்று கேள்வி கேட்பாள், நான் ஒப்பிப்பேன். சரியா தப்பா என்று பார்க்க வேண்டுமே என்று அவளுக்கும் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தேன். அதெல்லாம் எப்போதோ மறந்திருப்பாள். மொழிபெயர்ப்பாளருக்கான முதல் பாடத்தையும் நான்தான் சொன்னேன்: 'அவர் சொல்கிறார்' என்று ஒருபோதும் சொல்லாதே, பேசுபவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல். சொந்தமாக ஏதாவது சொல்ல நேர்ந்தால், 'இது மொழிபெயர்ப்பாளர் சொல்வது' என்று அறிவித்துவிட்டுச் சொல்.

ஸ்க்ரூ வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 16

வரைபடம் முடிந்தது. தாஸ் கெட்டிக்காரர். நீலத்துக்குள் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருக்கிறது. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் 'ஜப்பான் கடல்' என்று எழுதியிருக்கிறார். நான் அந்தக் கடலின் கரையில், நீகாதாவில், பயிற்சிக்காக இரண்டு குளிர்காலம் இருந்தவன். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். வேதாவை எடுக்கச் சொன்னேன். பாதி தலையை வெட்டி எடுத்திருக்கிறாள்.

நவம்பர் 18

நாலாவது மாடி ஹ்வாங் அம்மா இன்று மாலை லாபியில் என் மகள் நறுமுகையை நிறுத்தி, அந்தக் கடலில் என்ன எழுதியிருக்கிறது என்று சைகையில் கேட்டாராம். இவளும் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாவின் முகம் சட்டென்று வாடிவிட்டதாம்.

சாப்பிடும்போது வேதா ஆரம்பித்தாள். "கொரியால அதுக்குக் கிழக்குக் கடல்னு பேருங்க. அவங்க நாட்டை ஜப்பான் ஆண்டப்போ உலகம் முழுக்க இந்தப் பேர் நிலைச்சுப் போச்சுன்னு அவங்களுக்கு ஆத்திரம். ரெண்டு பேரையும் போடலாம்ல?"

"அதுக்கு முன்னாடியே அட்லஸ்ல இருந்த பேர்தான் இது. ஒரு கடலுக்கு எதுக்கு ரெண்டு பேர்?"

"ஒரு மனுஷனுக்கே ரெண்டு பேர் இருக்கு. வீட்ல உங்களைக் குருன்னு கூப்பிடுவாங்க, ஆபீஸ்ல குமரகுரு."

"எனக்கு எக்ஸாம்ல எதைப் போட்டா மார்க் வரும்? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் நறுமுகை.

"புக்ல இருக்கறதைப் போடு" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இந்த மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

நவம்பர் 20

'ஜப்பான் கடல்' மேல் யாரோ ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். 'கிழக்குக் கடல்', தமிழில், கறுப்பு மையில். தனபாலன் சார் வியந்து போனார். "பாருங்க சார், கொரியாக்காரங்க தமிழ் எழுதக் கத்துக்கிட்டாங்க!"

'ழ'வின் காலை இப்படிக் கீழே இழுத்துச் சுழித்து எழுதும் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் சமையலறையில் புழுங்கல் அரிசி டப்பாவின் மேல் அதே 'ழ' இருக்கிறது.

நவம்பர் 21

காலை நடை. லாபியில் அந்தத் தாளைக் காணோம். காற்றில் விழுந்திருக்கலாம்.

நவம்பர் 22

லாபிக்குள் காற்றே வராதே என்று தனபாலன் சார் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு வேலை இல்லை.

நவம்பர் 23

வாஷிங் மெஷினில் போட்ட துணி எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகக் காகிதத் துணுக்கு. நடைக்குப் போட்டுப் போகும் பேண்ட்டின் பையைப் பார்க்காமல் போட்டுவிட்டேன். வேதா ஒரு வார்த்தை திட்டவில்லை. பால்கனியில் நின்று ஒவ்வொரு துணியாக உதறி உதறிக் காயப்போட்டாள். நறுமுகையின் சீருடையில் இருந்து மட்டும் ஏதோ ஒரு துணுக்கை நகத்தால் எடுத்து, கொஞ்ச நேரம் விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். கடை ரசீதாக இருக்கும் என்று சொன்னேன். "இருக்கும்" என்றாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 28

இன்று கம்பெனிக் கூட்டத்தில் புதிதாக வந்திருக்கும் ஜப்பானிய மேலாளர் மேஜை நடுவில் தன் போனை வைத்தார். அவர் பேசப் பேச அது தமிழில் பேசியது. நான் வாயைத் திறந்தேன். அது என்னை முந்திக்கொண்டது. இரும்பு 'வார்ப்பு' என்று வர வேண்டிய இடத்தில், ஆங்கிலத்தில் இரண்டுமே 'காஸ்டிங்' என்பதால், 'நடிகர் தேர்வு' என்று உளறியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை, திருத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் ஒகாடா சான் ('சான்' அவர்களுடைய 'சார்') மட்டும் தேநீர் வேளையில் என் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் அடுக்ககத்தில்தான் இருக்கிறார், இரண்டாவது மாடி. அடுத்த வருஷம் ஓய்வு. "என்னோடு நீங்களே பேசுங்கள். அந்தப் போனுக்கு மரியாதை தெரியவில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்தால், இன்று வேதா நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டதாம். நறுமுகை அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆமாம், பொறாமைதான். எழுதிவிட்டேன்.

டிசம்பர் 1

நறுமுகை பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மாவை ஆபீஸ்ல உல்சானுக்கு வரச் சொல்றாங்களாம், ரெண்டு வருஷம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். தெரியாது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? அவளாகச் சொல்லட்டும், நானாகக் கேட்கப் போவதில்லை. மதியம் பரிமாறும்போது என் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தாள். "என்கிட்ட ஏதாவது கேட்கணுமா?" என்றாள்.

"குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

எழுந்து போய்விட்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 7

கடல் விவகாரம் முற்றிவிட்டது. மறுபடியும் தாள் ஒட்டினார்கள், இந்த முறை கொரிய எழுத்தில். அதன்மேல் ஜப்பானிய எழுத்தில் ஒரு தாள். அதன்மேல் இன்னொன்று. சுவரில் அந்த இடம் புடைத்துக்கொண்டு நிற்கிறது, தீவு முளைத்த மாதிரி. கீழே பிள்ளைகள் ஷட்டில் ஆடுவதில்லை, வலையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இப்படியே போனால் பொங்கல் விழாவுக்கு வரமாட்டோம் என்று கொரியக் குடும்பங்கள் சொல்லிவிட்டன. பெயரை மாற்றினால் நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள் ஜப்பானியர்கள்.

பதினைந்தாம் தேதி பேச்சுவார்த்தை. ஜப்பானியர் பக்கம் ஒகாடா சான், கொரியர் பக்கம் ஹ்வாங் அம்மா. இருவருக்கும் ஆங்கிலம் சரிவராது. எனவே ஒகாடா சான் எனக்குச் சொல்ல, நான் வேதாவுக்குத் தமிழில் சொல்ல, அவள் அந்த அம்மாவுக்குக் கொரியத்தில் சொல்ல வேண்டும். திரும்பி வருவதும் இதே வழிதான்.

"புருஷன் பொண்டாட்டி நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துட மாட்டீங்களா என்ன?" என்றார் தனபாலன் சார்.

நாங்கள் பேசிப் பல நாளாகிறது என்று அவருக்கு யார் சொல்வது? நான் உள்ளுக்குள் காத்திருக்கிறேன். அன்றைக்குத் தெரியும், யார் மொழிபெயர்ப்பாளர் என்று.

டிசம்பர் 15

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சங்க அறையில் நிற்கக்கூட இடமில்லை. நானும் வேதாவும் எதிரெதிரே. அவள் காக்கிப் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்க்காமல் என் கழுத்துப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஹ்வாங் அம்மா பேசினார். வேதா தமிழில் சொன்னாள். "நான் காங்னுங்ல பிறந்தவ. எங்க வீட்டு வாசல்ல நின்னா கடல். சூரியன் அந்தக் கடல்ல இருந்துதான் வரும். அதனால அது கிழக்குக் கடல். என் பையனுக்கு அந்தக் கடலைக் காட்டி, எங்களை ஆண்டவங்க பேரை நான் எப்படிச் சொல்றது?"

நான் அதை ஒகாடா சானுக்குச் சொன்னேன். நேர்மையாகவே சொன்னேன். அவர் பதிலுக்குப் பேசியதைத் தமிழாக்கினேன். "நான் நீகாதாக்காரன். எங்க ஊர்ல சூரியன் அதே கடல்லதான் விழும். எங்களுக்கு அது மேற்கு. கிழக்குக் கடல்னு சொன்னா எங்கப்பா சிரிச்சிருப்பார். அவர் மீன் பிடிச்சவர். அவருக்கு அது வெறும் கடல்தான்."

ஹ்வாங் அம்மா சிரித்துவிட்டார். அறையே லேசானது. அந்த உற்சாகத்தில் அவர் வேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். வேதா தயங்கினாள். ஆனால் சொன்னதையெல்லாம் சொல்லியாக வேண்டும், அதுதான் தொழில். தன்னைப் பற்றியே யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "வேதா அடுத்த மாசம் உல்சானுக்குப் போறாங்க. அங்க அவங்களே பார்ப்பாங்க, அந்தக் கடல்ல சூரியன் வர்றதை."

அடுத்த மாதம்.

எல்லாரும் கை தட்டினார்கள். தனபாலன் சார் என் தோளைத் தட்டி, "சொல்லவே இல்லையே சார்!" என்றார். நான் சிரித்து வைத்தேன். இத்தனை பேர் நடுவில் அதைக் கேட்டு, அதை ஜப்பானியத்தில் நானே இன்னொரு தடவை சொல்லவும் வேண்டியிருந்தது. 'அடுத்த மாதம்' என்ற சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ஒகாடா சான் வேதாவுக்குத் தலை தாழ்த்தி வணங்கினார். பிறகு, "இரண்டு பெயரையும் எழுதலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். ஜப்பானியத்தில் இரண்டே சிறிய வாக்கியம். ஒரு குழந்தைகூட மொழிபெயர்த்துவிடும்.

நான் வேதாவைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்கு ஆட்சேபணை இருக்கு. பார்க் கூப்பிட்டா உடனே கிளம்பிடறதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

தனபாலன் சாரின் டீக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. தமிழ் தெரிந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். தெரியாதவர்கள் எல்லாரும் வேதாவைப் பார்த்தார்கள், மொழிபெயர்ப்புக்காக.

வேதாவின் முகம் சிவந்து அடங்கியது. ஹ்வாங் அம்மாவின் பக்கம் திரும்பி நிதானமாக ஏதோ சொன்னாள். அந்த அம்மா எழுந்து நின்று ஒகாடா சானை வணங்கினார். அவரும் எழுந்து வணங்கினார். பிரச்சினை முடிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஒகாடா சான் சொன்னதை. ரெண்டு பேரையும் எழுதலாம், ஆட்சேபணை இல்லைன்னார். அந்த அளவு ஜப்பானியம் எனக்குத் தெரியும். கரண்டியோட நின்னு உங்களைக் கேள்வி கேட்டவதானே நான்?"

பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் சொல்லிக் கொடுத்த விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றினாள்.

"இது மொழிபெயர்ப்பாளர் சொல்றது" என்றாள். "மூணு பேருக்கும் சேர்த்துத்தான் விசா கேட்டிருந்தேன். உங்களுக்கு அங்க ஜப்பானிய வாடிக்கையாளர் பிரிவுல வேலை இருக்கான்னு பார்க் சார்கிட்ட விசாரிச்சும் வச்சிருந்தேன். வாஷிங் மெஷின்ல இருந்து உங்க பேண்ட்டை எடுத்த அன்னிக்கு, எனக்கும் நறுமுகைக்கும் போதும்னு சொல்லிட்டேன்."

டிசம்பர் 16

ஆமாம், நான்தான் கிழித்தேன்.

டிசம்பர் 21

தாஸ் வந்து அந்த இடத்தைச் சுரண்டி, முழுக்க நீலம் அடித்துவிட்டார். இரண்டு பெயரில் எது மேலே, எது கீழே என்று புது வாக்குவாதம். அதெல்லாம் பொங்கலுக்கு அப்புறம் என்றார் தனபாலன் சார். தாஸ் ஊருக்குப் போய்விட்டார். இப்போது கடலுக்குப் பெயரே இல்லை. பிள்ளைகள் மறுபடி ஷட்டில் ஆடுகிறார்கள்.

லிஃப்ட்டில் என்னைப் பார்த்தால் எல்லாரும் போனை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி 5

வேதாவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஏப்ரலில் முழுப்பரீட்சை முடிகிறவரை நறுமுகை என்னோடுதான். உள்ளே போகும் வாசலில் வேதா மகளுக்கு நூறு விஷயம் சொன்னாள். எனக்கு, "கேஸ் புக் பண்ணியிருக்கேன்" என்றாள்.

ட்ராலியைத் தள்ளிக்கொடுக்கும்போது, "அந்தத் தாளை நான் கிழிச்சிருக்கக் கூடாது" என்றேன். பக்கத்தில் யாருடைய பெட்டியோ சரிந்து விழுந்தது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நின்று திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அவளோடு அதே விமானத்தில் பார்க் சாரும் போகிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நறுமுகை சொல்லித் தெரிந்தது. குடும்பத்தோடு போகிறாராம். அது எனக்கு முழு ஆறுதலாக இல்லை.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கும்போது ஹ்வாங் அம்மாதான் முதலில் கத்தினார், "பொங்கலோ பொங்கல்" என்று. வேதா சொல்லிக் கொடுத்ததாம். ஒகாடா சான் கரும்போடு போராடினார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் இறங்கவில்லை. மாலையில் ஸ்க்ரூ வாங்கி அலமாரிக் கைப்பிடியை மாட்டினேன். உள்ளே அவள் புடவைகள் பாதிதான் இருக்கின்றன.

ஜனவரி 18

கிம்ச்சி டப்பா இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இன்று ஒரு துண்டு தின்று பார்த்தேன். மோசமில்லை. யார் செய்தது என்பதை நினைக்காமல் தின்றால் நன்றாகவே இருக்கிறது.

ஜனவரி 24

காலை நடைக்குப் போகும்போது தாஸின் வெள்ளைப் பெயிண்டையும் சின்ன தூரிகையையும் வாட்ச்மேனிடம் வாங்கினேன். ஸ்டூல் போட்டு ஏறி, அந்த வெறும் நீலத்தில் 'கிழக்குக் கடல்' என்று எழுதினேன். பெரிய எழுத்தில். 'ழ'வை அவள் மாதிரியே இழுத்துச் சுழிக்கப் பார்த்தேன், பெயிண்ட் ஒழுகிவிட்டது. பள்ளிக்குக் கிளம்பிய நறுமுகை கீழே நின்று பார்த்தாள்.

"பாக்கெட்ல பேப்பர் எதுவும் இல்லையே?" என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. படம் எடுத்து வேதாவுக்கு அனுப்பச் சொன்னேன். "கீழ என்ன எழுதறது?" என்று கேட்டாள்.

"நீ எப்படி இருக்கேன்னு அப்பா கேட்கறார்னு எழுது." உடனே திருத்தினேன். "வேணாம். 'எப்படி இருக்கே'ன்னு மட்டும் எழுது."

ஜனவரி 25

பதில் வந்துவிட்டது. நறுமுகை படித்துக் காட்டினாள். பிறகு நானும் வாங்கிப் படித்தேன், பல தடவை.

"நல்லா இருக்கேன். குளிர்தான். விமான நிலையத்துல நீங்க சொன்னது கேட்டுச்சு. 'ழ' உங்களுக்கு வரலை, விட்டுடுங்க. ஆனா கூட்டத்துல முடிவானது ரெண்டு பேர். என்னைச் சந்தோஷப்படுத்த ஒகாடா சானோட கடலை அழிக்காதீங்க, பக்கத்துலயே அதையும் எழுதுங்க. அப்புறம் நறுமுகையோட போய் நீங்களும் விசாவுக்குப் படம் எடுத்து வைங்க. வெள்ளைப் பின்னணி. சிரிக்கக் கூடாது."

'ஜப்பான் கடல்' என்று என் கையெழுத்திலேயே எழுதினேன், அதே அளவில், அதே உயரத்தில். ஒகாடா சான் லிஃப்ட்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு, இரண்டுமே கோணல் என்று மரியாதையாகச் சொன்னார்.

மாலையில் ஸ்டூடியோவுக்குப் போனோம். "சார், சிரிக்காதீங்க, ஒத்துக்க மாட்டாங்க" என்று அந்த ஆள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

திரும்பி வரும்போது நறுமுகையிடம் கேட்டேன், பார்க் என்னைவிட உயரமா என்று.

"அதை அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்றாள்.

கேட்கத்தான் போகிறேன். ஏப்ரலில், நேரில்.